ராய்ஸின் துப்பாக்கிக்கு வெட்டிய உறைகள்

நவம்பர் 6, 2014, வியாழன்

ராய்ஸுக்குத் தபாலில் அனுப்பியது தவறான தோட்டா உறை. இன்று மாலை லேத் வகுப்பில்தான் தெரிந்தது.

என்னிடம் இரண்டு காப்பி டப்பாக்கள். ஒன்றில் ராய்ஸின் துப்பாக்கிக்கு உரிய மெல்லிய தோட்டா உறைகள். மற்றதில் பழகிப் பார்க்க லேலண்ட் கொடுத்த தடித்த உறைகள். எல்லாமே சுட்டுப்போட்ட வெற்றுப் பித்தளை. இரண்டு வகையையும் லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் ஒரே நீளத்துக்கு வெட்டியதால், மேசையில் நிற்க வைத்தால் தூரத்திலிருந்து ஒன்றுபோலத்தான் இருக்கும். திங்கட்கிழமை அவசரத்தில் தடித்ததைத் தபால் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். அவன் துப்பாக்கியில் போட்டுப் பார்க்க அனுப்ப வேண்டியது, நீலப் புள்ளி வைத்தது, இன்னும் என் டப்பாவிலேயே கிடக்கிறது.

லேலண்டிடம் சொன்னேன். அவர் வகுப்பில் பக்கத்து லேத்தில் நிற்பவர். பகலில் வீடு வீடாகப் போய் ஹீட்டர் பழுது பார்ப்பார்.

"மூணு தடவ அளந்து, நாலு தடவ எழுதி வச்சு, கடைசியில தப்பானத அனுப்பிட்டியா?" என்றார். "நீ மட்டும் கல்யாணப் பொண்ணா இருந்தா, எல்லாத்தையும் சரி பாத்துட்டுப் பக்கத்து சர்ச்சுல போய் நின்னிருப்ப."

"சிரிக்காதீங்க. அவன் போட்டுப் பாத்து, உள்ள போகலன்னு விட்டுட்டா?"

"போகலன்னா போன் பண்ணுவான். நீ சரியானத அனுப்பிடு. அவன் சரின்னதும் மத்த உறையில எல்லாம் வெடிமருந்து போட்டுத் தரது என் வேல."

வகுப்பு முடிந்ததும் ராய்ஸைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட்டாக இருக்கும்.

ராய்ஸ் என் அண்ணன். வயோமிங்கில் நிலக்கரிச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான். மூன்று வருடமாக மான் வேட்டைப் பருவத்தின் முதல் நாளுக்கு அவன் வீட்டுக்கு வரவில்லை. கேட்டால் ஒரே பதில்: "என் துப்பாக்கி அங்க செல்லாது." அது பொய்யில்லை. எங்கள் மாநிலத்தில் மானைச் சுட வேண்டுமானால் தோட்டா உறை ஒன்று புள்ளி எட்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அவனுடையது இரண்டேகால். மாட்டினால் வனத்துறை அதிகாரி துப்பாக்கியையே எடுத்துக்கொள்வார்.

உறையின் வாயை வெட்டிக் குறைத்தால் அதே துப்பாக்கியில் போட்டு, அதே மானை, சட்டப்படியே சுடலாம். இந்த ஊரில் பல பேர் செய்வதுதான். அதற்காகத்தான் ஆகஸ்டில் இந்த மாலை வகுப்பில் சேர்ந்தேன். லேத் தெரிந்தால் அலமாரித் தொழிற்சாலையில் நல்ல வேலை கிடைக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் சொல்லும் காரணத்தை இல்லாமல் செய்துவிட்டால் வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

ஒன்று புள்ளி எட்டுக்குச் சரியாக வெட்டவும் பயம். சுடும்போது பித்தளை மயிரிழை அளவு நீளும். சட்டைப்பையில் கிடக்கும் சுட்ட உறையை அதிகாரி எடுத்து அளந்தால்? அதனால் இன்னும் கொஞ்சம் குறைத்தே வெட்டினேன். பிசிறு எடுத்தேன். மறுபடி அளந்தேன்.

எங்கள் சோயா வயலின் இரண்டு ஓரத்திலும் மரத்தில் சாத்திய ஏணி இருக்கைகள் இரண்டு உண்டு. ஒன்று என்னுடையது, எதிரே அவனுடையது. முதல் நாள் இருட்டிலேயே ஏறி உட்கார்ந்துவிடுவோம். வெளுக்க வெளுக்க எதிர்மரத்தில் முதலில் ஒரு மங்கல் தெரியும். பிறகு அது வேட்டைக்குப் போட்டே ஆக வேண்டிய சட்டையின் ஆரஞ்சு நிறமாகும். அப்புறம் தோள், தொப்பி, ராய்ஸ். தொப்பியை ஒரு விரலால் தூக்குவான். மான் வந்ததா வரவில்லையா என்பதெல்லாம் எனக்குப் பாதி வருடங்களில் நினைவில்லை. மூன்று வருடமாக அந்த மரம் வெளுத்துக்கொண்டே வந்து வெறும் மரமாக நின்றுவிடுகிறது.

இந்த வருடம் முதல் நாள் பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை.

நவம்பர் 8, சனி

காலையில் நீலப் புள்ளி வைத்த உறையைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். மதியம் ராய்ஸே கூப்பிட்டான்.

"ஏய் வாலு, உன் பித்தளை வந்துச்சு."

நான் தவறைச் சொல்ல வாயெடுத்தேன்.

"போட்டுப் பாத்தேன்," என்றான். "கச்சிதமா உக்காந்துச்சு. வெண்ணெ மாதிரி."

"உள்ள போச்சா?"

"போச்சுன்னேனே. நல்லா பண்ணியிருக்க."

"அப்ப வரியா அண்ணா?"

"பாப்போம். ஷிஃப்ட் மாத்திக்க முடியுதான்னு பாக்கணும். அம்மா கால் வலி எப்படி இருக்கு?"

அம்மாவின் காலைப் பற்றிப் பேசி முடித்தோம். போனை வைத்த பிறகு இரண்டு டப்பாவையும் மேசையில் கொட்டினேன். தவறு செய்தேன் என்று நான் நினைத்ததே தவறாக இருக்கலாம் அல்லவா? எண்ணிப் பார்த்தேன். மெல்லியதில், இன்று அனுப்பியதைச் சேர்த்தால், குறைவில்லை. தடித்ததில் ஒன்று இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, வண்டிகள் நிற்கும் இடத்தில் லேலண்டைப் பிடித்தேன். தடித்த உறை எப்படியாவது அந்தத் துப்பாக்கிக்குள் போகுமா என்று கேட்டேன். கொஞ்சம் தேய்ந்த துப்பாக்கி என்றால்?

"சுத்தியல் வச்சு அடிச்சாலும் போகாதும்மா. ஏன்?"

"வெண்ணெ மாதிரி உக்காந்துச்சுன்னு சொல்றான்."

லேலண்ட் கேலி எதுவும் செய்யவில்லை. சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். "அப்ப உங்கண்ணன் போட்டே பாக்கல," என்றார். பிறகு, "இல்லேன்னா போட்டுப் பாக்க அவன்கிட்ட ஒண்ணும் இல்ல."

வீடு வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மாலை, அம்மா முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து ராய்ஸைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, நான் தப்பான உறைய அனுப்பிட்டேன். உனக்கு வந்தது தடிச்சது."

"அப்படியா?" என்றான். "எனக்குச் சரியாத்தான்..."

"அது போகாது. லேலண்ட்கிட்டயும் கேட்டுட்டேன்."

"யாருடி அந்த லேலண்ட்?"

"அத விடு. துப்பாக்கி எங்க?"

"வித்துட்டேன். முதுகு போய் வீட்ல கிடந்தேனே, அந்தக் குளிர்காலம். வாடகைக்கு. அம்மா வாங்கிக் கொடுத்தத வித்துத் தின்னுட்டேன்னு அம்மா முன்னாடி வந்து நிக்கச் சொல்றியா?"

"அதுக்காகவா மூணு வருஷம்?"

"முதல் வருஷம் அதுக்காக. அப்புறம் வராததே ஒரு காரணமாயிடுச்சு. நீ பாட்டுக்குப் பித்தளைய வெட்டி அனுப்புவன்னு எனக்கு என்ன தெரியும்? அத எங்க வெட்டின, கடையிலயா?"

"நான்தான் வெட்டினேன். லேத் வகுப்புல சேந்தேன்."

"எதுக்கு?"

"நீ துப்பாக்கி செல்லாதுன்ன. அதுக்குத்தான்."

"எனக்காக லேத் கத்துக்கிட்டியா?"

"நீ வேற சாக்கு சொல்லியிருந்தா வேற எதையாவது கத்துக்கிட்டிருப்பேன்."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஆட்ரா," என்றான். என் பெயரை அவன் சொல்வது அபூர்வம். "துப்பாக்கி இல்லாம அங்க வந்து என்ன செய்வேன்?"

"மரத்துல உக்காரு. சும்மா உக்காரச் சட்டத்துல எந்த அளவும் இல்ல."

"வேட்டைக்கு வர மாமாங்க எல்லாம் கேப்பாங்க."

"கேக்கட்டும். ரெண்டு நாள் கிண்டல் பண்ணுவாங்க. பாத்திரம் கழுவச் சொல்லுவாங்க. கழுவு."

"அம்மா?"

"அது நீதான் சொல்லணும் அண்ணா. நான் பக்கத்துல வேணா நிக்கிறேன்."

"வியாழக்கிழமையிலேந்து எனக்கு லீவுதான்," என்றான் கடைசியில். "ஆனா வண்டி டயரப் பாக்கணும். ஆயிரத்து இருநூறு மைல்."

"இது அடுத்த சாக்கா?"

"இல்ல. இது டயர்."

போனை வைத்ததும் முன்னறையிலிருந்து அம்மா கேட்டாள், "யாரு?"

"ராய்ஸ்."

"வரானாமா?"

"டயர் பாக்கணுமாம்."

அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். "தையல் மிஷின இங்க ஜன்னல் பக்கமா போட்டுக்கலாம். வெளிச்சமும் இருக்கும்," என்றாள்.

அவன் அறையில் இப்போது நிற்பது அந்த மிஷின்தான். வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இரண்டில் எது என்று அவன் குரலை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி கேட்கிறது.

நாளை வேலை முடிந்து வந்ததும் தையல் மிஷினை முன்னறைக்கு நகர்த்த வேண்டும். துணிப் பெட்டிகளைக் கட்டில் மேலிருந்து இறக்கி, விரிப்பு மாற்ற வேண்டும்.