அடைக்காத குழாய்

எண்பத்தொன்பது ஐப்பசியில், வேலப்பன்சாவடி பஸ் ஸ்டாப்பில் சொர்ணம் பிளாஸ்கைப் பிள்ளை மாதிரி இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரிக்கு அலையும் பதினோராவது நாள். பஸ் வந்தாலும் ஏறத் தெம்பிருக்குமா என்று அவளுக்கே சந்தேகம்.

புருஷன் கஜபதி அம்பத்தூருக்கு வேலைக்குப் போகையில் சைக்கிளோடு லாரியில் அடிபட்டு, தொடை எலும்பு நொறுங்கி, அவசர வார்டில் நினைவில்லாமல் கிடந்தான். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய். அவித்த முட்டை, பருப்பு, பால், சர்க்கரை எல்லாம் மசித்து வடிகட்டிக் கொண்டுவரச் சொல்லி, பத்மா சிஸ்டர் முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

பார்க்க வந்தவர்கள் சாத்துக்குடி நாலு கொடுத்தால், யோசனை நாற்பது கொசுறு போட்டுவிட்டுப் போனார்கள். அதில் மொத்த வியாபாரி, கஜபதியின் அக்கா அங்கம்மா.

"முட்டையும் பருப்பும் போட்டா காயம் சீழ் வெக்கும். கஞ்சித் தண்ணியில ரெண்டு சொட்டு பால் ஊத்தி எட்துகினு போ. நர்சுக்கு இன்னா தெரியும்?"

மறுத்துப் பேசவும் தெம்பு வேண்டுமே. கஞ்சித் தண்ணியே போயிற்று. வாங்கி வைத்த முட்டைகள் அங்கம்மாவுக்கு ஆம்லெட் ஆயின. அவளுக்குத்தான் காயம் எதுவும் இல்லையே.

அன்று வார்டு வாசலில் பத்மா பிளாஸ்கை வாங்கவில்லை. இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்த களைப்பு அவள் முகத்தில்.

"காயம் ஆறவே இல்ல. இந்த உடம்பு ஆபரேஷன் தாங்காதுன்னு டாக்டர் கைய விரிச்சுட்டார். முட்டை, பருப்பு போட்டா, எவ்வளவு வடிகட்டினாலும் குழாய் எப்பவாவது அடைக்கும். உன் வீட்டுக்காரருக்கு ஒருநாள்கூட அடைக்கல. என்னம்மா கொண்டாற?"

சொர்ணம் தரையைப் பார்த்தாள். "கஞ்சித் தண்ணி, சிஸ்டர். சீழ் வெக்கும்னாங்க."

"புண்ணு ஆற உடம்புக்குச் சத்து வேணும். நீ கொடுக்கலன்னா அது அவர் சதையையே தின்னும்."

சொர்ணம் கண்ணாடி வழியே புருஷனைப் பார்த்தாள். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. லாரி செய்த வேலை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். பாதி, அவள் பிளாஸ்க் செய்தது.

மறுநாள் அடுப்பில் முட்டை வெந்தது. அங்கம்மா பேசியதெல்லாம் சுவருக்குத்தான் கேட்டது.

ஐந்தாம் நாள் பத்மா வெளியே வந்தாள். "குழாய் அடைச்சிக்கிச்சும்மா. கழுவிக் கழுவி என் கை ஓஞ்சு போச்சு. காயம் பரவால்ல. அடுத்த வாரம் ஆபரேஷன் வெச்சிக்கலாம்னார் டாக்டர்."

கூட வந்திருந்த அங்கம்மா பதறினாள். "அடைச்சிக்கிச்சா? நான் அப்பவே சொல்லல?"

சொர்ணம் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தாள், பதினாறு நாளில் முதல் தடவையாக.

"அண்ணி, அடிபட்ட ஒடம்புக்குச் சாப்பாடும் ஒரு மருந்துதான். எத கொடுக்கணும், எத நிறுத்தணும்னு வார்டுலதான் கேக்கணும், ஊட்டாண்ட வர்றவங்கள இல்ல. பத்தியம்னு சொல்லி நானே அவர பட்டினி போட்டுட்டேன். நாளையிலேந்து அந்த முட்டைய மட்டும் நீங்க தொடாதீங்க."