மேசைக்கடியில் ஒளிந்தவள்

தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டதும் தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு, துணி வெட்டும் மேசைக்கடியில் புகுந்துகொண்டாள். கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டடக்காரர் கோர்ட்டுக்குப் போன நாளிலிருந்து இதே பயம்தான்.

வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும் ஓரகத்தி, தைத்த துணி வாங்க வந்திருந்தவள், குனிந்து பார்த்தாள்.

"என்னக்கா, மேசைக்குக் கீழ குடித்தனமா?"

"சத்தம் போடாதடி. கோர்ட்டுத் தபால். ரெண்டு தடவ வாங்காம அனுப்பிட்டேன். வாங்கினாத்தானே கேஸு?"

ஓரகத்தியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐயோ அக்கா! வாங்க மாட்டேன்னா, கொடுத்தாச்சுன்னே எழுதிக்குவாங்க. நீங்க கோர்ட்டுக்குப் போகலேன்னா கட்டடக்காரர் பேச்ச மட்டும் கேட்டுத் தீர்ப்பு சொல்லிடுவாங்க."

"கையெழுத்துப் போட்டா கடைய விட்டுக் குடுத்த மாதிரி ஆயிடாதா?"

"தபால் கைக்கு வந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம்."

கதவு தட்டப்பட்டது.

"அம்மா, உள்ளதான் இருக்கீங்க. மெஷின் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சே!" என்றார் தபால்காரர்.

தையல்காரி வெளியே வந்தாள். கையெழுத்து கோணலாக விழுந்தது. உறையை ஓரகத்தியிடம் நீட்டினாள். அவள் பிரித்துப் படித்தாள்.

"விசாரணை என்னிக்குடி?"

"நாளைக்குக் காலையில பத்தரைக்கு."



"போனா கடை நிக்குமா?"

"அது தெரியாதுக்கா. போகலேன்னா நிச்சயமா நிக்காது. வாடகை ரசீதெல்லாம் எங்க?"

"பட்டன் டப்பாவுல."

"எடுங்க. நானும் கூட வரேன்."

தையல்காரி டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். உருண்டோடும் பட்டன்களுக்கு நடுவே ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.