பூசணிக்குக் கிடைத்த ஒரு நிமிடம்

குதிரைத் தொட்டித் தண்ணீர் எப்படி நாறும் என்று படம் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் புருஷன் ஆர்வில்லின் சட்டையை நான்தானே அலசுகிறேன். பச்சைப் பாசி, குதிரை எச்சில், செத்த ஈ. ஒவ்வொரு படத்திலும் அவன் அதில் விழுந்தாக வேண்டும். கதாநாயகன் லேன் பாரிட் வெள்ளைக் குதிரையில் வந்து கிதாரைத் தடவிக்கொண்டு பாடுவான். அவனுடைய தோழன் 'பூசணி' கோவேறு கழுதையில் பின்னாலேயே வந்து தொட்டியில் விழுவான். அந்தப் பூசணிதான் என் புருஷன். அவனுக்கு முன்பற்கள் கட்டின பற்கள். அவற்றையும் கழற்றிவிட்டுத்தான் கேமரா முன்னால் நிற்க வேண்டும். பொக்கை வாயைப் பார்த்தால்தான் ஜனங்களுக்குச் சிரிப்பு வருமாம். தூ!

இதே ஆள் மிசௌரியில், எங்கள் வில்லோ ஃபோர்டில், பிடிலை எடுத்தால் மேசை நாற்காலியெல்லாம் முற்றத்துக்குப் போய்விடும். சமையலறையிலேயே ஆட்டம். எங்கள் கல்யாணத்துக்கென்று ஜோடியாகச் சுழன்று ஆடுவதற்கு அவனே ஒரு வால்ட்ஸ் மெட்டுக் கட்டினான். அப்புறம் ஊரில் எந்தக் கல்யாணமும் அது இல்லாமல் நடந்ததில்லை. ஹாலிவுட்டிலோ அவன் பிடிலில் வில்லை வைத்தால் பூனை அலறுவதுபோலக் கேட்க வேண்டும். சம்பளம் அதற்குத்தான்.

அடுத்த படத்துக்குக் கையெழுத்துப் போடப் போனபோது ஆர்வில் தயாரிப்பாளரிடம் கேட்டேவிட்டான்.

"ஒரே ஒரு நிமிஷம், மிஸ்டர் ஸ்டில்லர். பல்லோட, துவைச்ச சட்டையோட நின்னு என் வால்ட்ஸை ஒழுங்கா வாசிக்கிறேன். வேற எதுவும் வேண்டாம்."

ஸ்டில்லர் சுருட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "அட பூசணி, உனக்கு இல்லாததா? ராஜா மாதிரி நின்னு வாசி!"

எனக்கு அந்தச் சிரிப்பு அப்போதே பிடிக்கவில்லை. ஆர்வில்லுக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னான்.

பாட்டை முதலில் ஸ்டூடியோவில் பதிவு செய்துவிடுவார்கள். படம் பிடிக்கும்போது அந்த இசைத்தட்டை ஓடவிட்டு, அதற்கேற்பக் கையை அசைத்தால் போதும். பதிவு அன்று அவன் பிடில், நான் கிதார். வாசித்து முடித்ததும் சிடுமூஞ்சி ஒலிப்பதிவாளர்கூடத் தொப்பியைக் கழற்றினார். படப்பிடிப்பிலும் ஸ்டில்லர் சொன்ன சொல் தவறவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, வாயில் பல், எதிரே கேமரா. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். இதைவிட என்ன வேண்டும் என்று நான் நினைத்தேன், பைத்தியக்காரி.

படம் வந்ததும் ஊர் ஊராகப் போய்த் தியேட்டர் மேடையில் தலைகாட்ட வேண்டும், ஒப்பந்தம் அப்படி. முதலில் வில்லோ ஃபோர்டுதான் என்று ஆர்வில் அடம்பிடித்தான். சின்ன ஊர்களுக்கெல்லாம் லேன் வர மாட்டான். நாங்கள் இரண்டு பேரும் போனோம். மேடையில் அவன் விழுவதற்காகத் தண்ணீர் நிரப்பிய தொட்டி தயாராக இருந்தது. ஓரத்துத் திரைக்குப் பின்னால் நின்று படம் பார்த்தோம்.

அவனுடைய நிமிடம் வந்தது. திரையில் ஆர்வில் கண்ணை மூடி வில்லை இழுத்தான். பூனை அலறியது. அவன் வாசித்ததை எடுத்துவிட்டு அந்தக் கண்ணராவியை ஒட்டியிருந்தார்கள். நல்ல சட்டையும் மூடிய கண்ணும் சிரிப்புக்கு இன்னும் தோதாகப் போய்விட்டன. உடனே லேன், "இங்க குடு பூசணி, நான் வாசிச்சுக் காட்டுறேன்" என்று பிடிலை வாங்கிக்கொண்டான். அவன் வில்லைப் பிடித்த பிடி, மாடு விரட்டும் குச்சியைப் பிடித்ததுபோல இருந்தது. ஆனால் கேட்டது எங்கள் கல்யாண வால்ட்ஸ், ஆர்வில் வாசித்தது. என் கிதார்கூட இருந்தது. பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

ஆர்வில்லின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

விளக்கு எரிந்தது. "பல்லைக் கழட்டாத. போய் வாசி. இது நம்ம ஊரு, இவங்களுக்குத் தெரியும்" என்று அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினேன்.

வாசித்தான். ஸ்டூடியோவில் வாசித்ததைவிட நன்றாக வாசித்தான். பக்கத்தில் நின்று நான் கிதார் போட்டேன். முதல் அடியிலேயே சிரிப்பு கிளம்பிவிட்டது. "ஏய் பூசணி, அது லேனோட பாட்டு!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

நான் ஹோய்ட்டைத் தேடினேன். தீவனக்கடை ஹோய்ட், ஆர்வில்லோடு வளர்ந்தவன். முதல் வரிசையில் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"பரவாயில்லையே ஆர்வில்! முக்கால்வாசி லேன் மாதிரியே வருதே! அவர்கிட்டயே கத்துக்கிட்டியா?"

கிண்டல் இல்லை. மனதாரப் பாராட்டினான். என்னால் பொறுக்க முடியவில்லை.

"டேய் ஹோய்ட், உன் கல்யாணத்துல நீ இதுக்குத்தானடா ஆடின? உன் மாமியார் கால மிதிச்சியே, மறந்துட்டியா?"

அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "அது வேற ஏதோ மெட்டு, ஜெல்லா. இது படத்துல வந்ததுல்ல?"

பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஆர்வில்லின் பிடிலுக்கு ஆடாத கால் ஒன்றுகூட அந்த வரிசையில் இல்லை.

ஆர்வில் வாசிப்பதை நிறுத்தினான். பிடிலை நாற்காலிமேல் பத்திரமாக வைத்தான். முன்பற்களைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டான். ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தன. பிறகு பொக்கை வாயை ஜனங்களுக்குக் காட்டினான். கால் தடுக்கியதுபோல் இரண்டு எட்டு தள்ளாடி, தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தான்.

கொட்டகையே அதிர்ந்தது. தண்ணீர் என் பாவாடையெல்லாம் தெறித்தது. ஹோய்ட் எழுந்து நின்று கைதட்டினான். சிரித்துச் சிரித்து அவன் கண்ணிலும் தண்ணீர்.

"இதுதாண்டா எங்க ஆர்வில்!" என்றான்.