சீனாக்காரி வீடு

காலையில் பாலுக்காக வாசலில் நின்ற சூஜின், பால்காரர் தங்கள் கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துக் கூப்பிட்டாள். அவர் வண்டியை நிறுத்தாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

சூஜின் கொரியாக்காரி. அவளும் கணவன் மின்ஹோவும் சியோலில் இருக்கும் ஒரு சபையின் மிஷனரிகளாக மதுரைக்கு வந்து ஏழு வருடமாகியிருந்தது. மகள் ஹாரின் நடக்கப் பழகியதே மதுரையின் இந்தக் கோச்சடைத் தெருவில்தான். மின்ஹோ சுற்றுக் கிராமங்களில் இருந்த சிறிய சபைகளுக்குப் போய்வருவான். சூஜின் மாடிவீட்டில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்தாள். தெருவில் அவள் பெயர் சூசி டீச்சர்.

பிப்ரவரியில் மின்ஹோவின் அப்பா இறந்துபோக, அவன் மட்டும் ஊருக்குப் போனான். அந்த வாரமே அங்கே கொரோனா பரவுவதாக டிவியில் சொன்னார்கள். அடுத்து அவனுடைய இந்திய விசா ரத்தானது. பிறகு விமானங்களே நின்றுபோயின. சூசி டீச்சர் வீடு சீனாக்காரி வீடாக மாறியது அப்போதுதான்.

ஊரடங்கு தொடங்கியதும், யாரோ தெருவிலிருந்து மாநகராட்சிக்குப் போன் போட்டுச் சொல்ல, அங்கிருந்து முகக்கவசம் போட்ட இரண்டு பேர் வந்து கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

“போனவரு இன்னும் திரும்பி வரவே இல்லண்ணே. இங்க இருக்கிற நாங்க எங்கயும் போகல” என்றாள் சூஜின்.

“பாஸ்போர்ட்டு வெளிநாடுதானம்மா?”

“ஆமா.”

“அப்ப ஒட்டத்தான் செய்வோம்.”

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் பாண்டிராஜ் நல்ல மனிதர். ஆனால் அவரும் இப்போது படிக்கட்டின் அடியில் நின்றுதான் பேசினார். தெருவில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள், பிள்ளையைக் கீழே விடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய மகள் பவதாரிணியோடுதான் ஹாரின் நாள் முழுக்க விளையாடுவாள். இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாம எப்பம்மா சீனாவுக்குப் போனோம் என்று தமிழிலேயே கேட்டாள். சூஜின் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஜன்னலைச் சாத்தினாள்.

சியோலிலிருந்து தலைமைப் போதகர் தினமும் போனில் ஜெபித்தார். பொறுமையாக இரு என்றார். மின்ஹோவும் அதையே சொன்னான். பால் இல்லாமல், பக்கத்தில் பேச ஆளில்லாமல் பொறுமையாக இருப்பவள் அவள்தான் என்பது இருவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

ஏப்ரலில் சென்னையிலிருந்து கொரியாவுக்கு ஒரு சிறப்பு விமானம் ஏற்பாடானது. சபை இரண்டு இடம் பிடித்துக்கொடுத்தது. பயண அனுமதியும் கிடைத்தது. தெரிந்த டிரைவர் மருதுவின் காரில் இருட்டோடு கிளம்பினார்கள். கொட்டாம்பட்டி தாண்டி மாவட்ட எல்லையில் போலீஸ்காரர் ஒருவர் மறித்தார். முகவரியைப் பார்த்ததும் யாருக்கோ போன் செய்தார். பிறகு, அது தனிமைப்படுத்திய வீடு, நீங்கள் வெளியே வந்ததே தப்பு என்றார். பயண அனுமதியையும் தூதரகக் கடிதத்தையும் காட்டினாள். அது தன் அதிகாரத்தில் இல்லை என்றார். மேலே கேட்கச் சொன்னாள். மேலே போனை எடுக்கவில்லை.

வெயில் ஏறியது. மருது கெஞ்சிப் பார்த்தான். ஹாரின் காருக்குள் வாந்தி எடுத்தாள். இனிமேல் விட்டாலும் விமானத்தைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தபிறகு சூஜினே வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

தெருவுக்குள் நுழைந்தபோது, போலீஸ் மறித்த செய்தி முன்பே எட்டியிருந்ததால், கேட்டின் முன்னால் ஆட்கள் நின்றார்கள். பாண்டிராஜ் நடுவில் சங்கடமாக நின்றிருந்தார். ஊரெல்லாம் சுத்திட்டு வந்தவங்கள எப்படி உள்ள விடுறது, சீனாக்காரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க என்று ஒருவர் சொன்னார்.

ஏழு வருடமாகச் சிரித்த முகத்தோடு மட்டுமே பேசியிருந்த சூஜின் காரைவிட்டு இறங்கினாள்.

“சீனா இல்ல, கொரியா. எம்புட்டு தடவ சொல்றது? உங்க பிள்ளைகளுக்கு ஏழு வருசமா சொல்லிக்குடுத்திருக்கேன். காய்ச்சல்னா வந்து பக்கத்துல உக்காந்திருக்கேன். எம்பிள்ள காலையிலருந்து வெயில்ல கெடந்து வாந்தி எடுத்துட்டு வந்திருக்கு. எங்க போகணும்? எடத்தச் சொல்லுங்க, போறேன்.”

 வீட்டுக்குள்ளிருந்து பாண்டிராஜின் மனைவி பாண்டிமீனா வந்தாள். பொறு என்று கணவர் சொல்லச் சொல்லக் கேட்டைத் திறந்தாள்.

“பச்சப்பிள்ளைய ரோட்டுல நிறுத்துறதுக்கா வீடு கட்டி வாடகைக்கு விட்டோம்? நீங்க வாங்க டீச்சர்.”

கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. சூஜின் நன்றி சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தெரிந்தும் வரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

மாலையில் தலைமைப் போதகர் அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் ஆராதனையில், இந்தச் சோதனையில் கர்த்தர் எப்படித் தாங்கினார் என்று அவள் சாட்சி சொன்னால் சபைக்கு ஆறுதலாக இருக்கும் என்றார்.

“இந்த வாரம் என்னிடம் சாட்சி இல்லை. கோபம்தான் இருக்கிறது. அதைச் சொல்லலாமா?”

 உனக்காக ஜெபிக்கிறேன் என்றார் போதகர். அவள் போனை வைத்துவிட்டு ஹாரினின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

அடுத்த விமானம் ஜூனில்தான் கிடைத்தது. அதற்குள் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டார்கள். பால் வந்தது. பவதாரிணி மாடிக்கு வந்தாள். யாரும் எதையும் பேசவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. எப்போது திரும்பி வருவீர்கள் என்று பாண்டிமீனா கேட்டபோது, எப்போதும் வாரேன் என்று சொல்லிப் பழகியவள் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. தெரியல அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு, சூஜின் மகளை முதலில் காரில் ஏற்றினாள்.