டுவைலாவுக்கு ஒரு ரோஸ் கலர் துப்பாக்கி

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. எங்கள் ஊரான அமரில்லோவில் ஒரு துப்பாக்கிக் கடையில் மீன்பிடி லைசென்ஸுக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ராய்ஸும் அவன் மனைவி டுவைலாவும். ஒட்டுக்கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: டுவைலாவின் மென்மையான விரல்கள்...

(அடித்துவிட்டேன். மாட்டுத்தீவனக் கடையில் மூட்டை தூக்குகிறவளுக்கு ஏது மென்மை?)

2

அந்தத் தீவனக் கடையை விடியற்காலையில் தனியாகத் திறப்பவள் அவள். அங்கே வேலையிலிருந்து துரத்தப்பட்ட ஒருவன் இரண்டு முறை வந்து, "தனியா மாட்டுவே இல்ல?" என்று மிரட்டிவிட்டுப் போயிருக்கிறான். அதற்குத்தான் துப்பாக்கி.

"பொம்பளைக்குங்க. சின்னதா, லேசா ஒண்ணு எடுங்க," என்றான் ராய்ஸ்.

கடைக்காரர் ரோஸ் கலரில் ஒன்றை எடுத்து நீட்டினார். அவளிடமா? அவனிடம்! எங்கள் ஊர் மேதைகளின் வழக்கம் இது. செருப்பு வாங்கினால்கூடப் போடுகிறவளின் கால் அளவைக் கேட்பார்கள்; துப்பாக்கிக்கு மட்டும் கேட்க மாட்டார்கள்.

"நான் சுட்டுப் பாக்கணும்," என்றாள் டுவைலா.

"எதுக்கு கண்ணு? நான்தான் பாத்துட்டேன்ல."

"கடை தொறக்க நீயா வரப்போறே?"

3

கடைக்குப் பின்னாலேயே சுட்டுப் பார்க்கும் அறை; அதன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். துப்பாக்கி லேசானால், சுடும்போது அது கையைப் பின்னால் தள்ளும் உதை கூடும். இது ராய்ஸுக்கும் தெரியும், மனைவி விஷயத்தில் மட்டும் மறந்துபோகும். மூன்றாவது குண்டில் அவள் கட்டைவிரலோரம் தோல் கிழிந்தது. ஐந்தாவதைக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டாள். இலக்கு அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

வெளியே வந்ததும், "பழகிடும் கண்ணு," என்றான்.

"அவன் வந்து நிக்கும்போது, 'பழகுற வரைக்கும் இருப்பா ராசா'ன்னு சொல்லவா? உன்னோடத குடு."

அவன் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தது கனத்த எஃகு. உதையில் பாதியை அதுவே வாங்கிக்கொண்டது. ஐந்து குண்டும் ஒரு சாஸர் அகலத்துக்குள் விழுந்தன.

ராய்ஸின் முகம் அப்போது...

(எழுத முடியவில்லை. சிரிப்பு வருகிறது.)

4

முடிவு ஒன்று: ராய்ஸ் தன் துப்பாக்கியை அவளுக்கே கொடுத்துவிடுகிறான். (ராய்ஸா? போங்கய்யா!)

முடிவு இரண்டு: "இதே மாதிரி எனக்கு ஒண்ணு குடுங்க," என்கிறாள். கடைக்காரர் அனுமதிக்காக ராய்ஸைப் பார்க்கிறார். (இது நடந்தது.)

ராய்ஸ் திரும்பி என்னைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க சார், அந்த ரோஸ் கலர் நல்லாத்தானே இருக்கு?"

அவள் கையில் ரத்தம் காயவில்லை. எனக்கு வரிசை நகர வேண்டும்.

"அழகா இருக்கு," என்றேன்.

திங்கட்கிழமை காலை அவள் கடை திறக்கிறாள். அதற்கு மேல் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நீங்கள் எழுதுங்கள். பையில் எதை வைப்பது என்று, தயவுசெய்து, அவளைக் கேளுங்கள்.