பத்தே நிமிடத்தில் கதவு திறக்கும்

எனக்குச் சம்பளம் வர்றது வார்த்தையால. நல்ல வார்த்தைன்னு நினைச்சுடாதீங்க. காத்தடிச்ச வார்த்தை. டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனி ஒண்ணுல ஏழு வருஷமா எழுதுறேன். அங்க பல்லு தேய்க்கிற பிரஷ்ஷை 'வாய்நல அனுபவம்'னு எழுதணும். செருப்பைச் செருப்புன்னு எழுதினா, 'இதுல கதை எங்கம்மா?'ன்னு கேப்பாங்க. எனக்குன்னு கைவசம் ஒரு வார்த்தை உண்டு, 'பயணம்'. எதைப் பத்தி எழுத வரலைன்னாலும் பக்கத்துல ஒரு பயணத்தைப் போட்டா முடிஞ்சது. கடன் பயணம், கூந்தல் பயணம், குளியலறைப் பயணம்.

எங்க தலைவருக்கு நாங்க வெச்ச பேரு புனல். என்ன கேட்டாலும் மனுஷன் போர்டுல ஒரு புனலை வரைஞ்சுடுவாரு. மேல ஆயிரம் பேர் விழுவாங்களாம், கீழ பத்து வாடிக்கையாளர் சொட்டுவாங்களாம். மீதிப் பேர் எங்க சார் போறாங்கன்னு ஒரு தடவை கேட்டேன். "அதுதான் அடுத்த பேக்கேஜ்"னாரு. இதையெல்லாம் வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கேன். அந்தப் புனலுக்குள்ள என் அண்ணனே வந்து விழுவாருன்னு நான் கனவா கண்டேன்?

அண்ணன் பூட்டுக்காரர். சாவியைத் தொலைச்சவங்க, குப்பை கொட்ட வெளிய வந்து கதவு சாத்திக்கிட்டவங்க கூப்பிட்டா போய்த் திறந்து விடுவாரு. ரெண்டு மெல்லிய கம்பி, கதவுல ஒட்டின ஒரு காது, அவ்வளவுதான். பூட்டுல ஒரு கீறல் விழாது. முடிச்சதும் அழைப்பு மணிக்கு மேல கட்டைவிரல் அகலத்துல ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவாரு. ஒரு சாவிப் படம், ஒரு போன் நம்பர். அவருக்கு விளம்பரமும் அதுதான், கடையும் அதுதான். வாசல்ல மாட்டிக்கிட்டவங்க கண்ணு வேற எங்க போகும், கதவுக்குத்தானே போகும்? இருபத்திரண்டு வருஷத்துல நாலாயிரம் கதவாவது இருக்கும்.

ஊழியர் குடும்பத்துத் தொழிலுக்கு ஆறு மாசம் இலவச சேவைன்னு கம்பெனியில அறிவிச்சாங்க. வீட்டுல நான் விட்ட பந்தா கொஞ்சமா நஞ்சமா? அண்ணன் வெளுத்த சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு ஆபீசுக்கே வந்துட்டாரு.

"உங்களுக்கு எந்தக் கதவுல இருந்து அதிகமா கால் வருது?"ன்னு புனல் கேட்டாரு.

"கதவு எங்க சார் பேசுது? ஆளுங்கதான் பேசுறாங்க"ன்னாரு அண்ணன்.

நான் பக்குன்னு சிரிச்சுட்டேன். புனல் சிரிக்கல. போர்டுல புனலை வரைஞ்சாரு. "பிரதர், உங்ககிட்ட டேட்டாவே இல்ல"ன்னாரு. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துட்டுச் சொன்ன மாதிரி அண்ணன் முகம் சுருங்கிப் போச்சு. வைத்தியத்தையும் புனலே சொன்னாரு. கம்பெனி ஒரு புது நம்பர் கொடுக்கும். அதுல கூப்பிட்டா அண்ணன் போன்தான் அடிக்கும், ஆனா எந்தத் தெரு, எத்தனை மணின்னு எல்லாம் பதிவாகும். ரெண்டு நம்பர் இருந்தா கணக்கு குழம்புமாம், அதனால பழைய நம்பரை மூடிடணுமாம்.

லிஃப்ட்டுக்குக் காத்திருக்கறப்ப அண்ணன் கேட்டாரு. "பாப்பா, அந்தப் புது நம்பர் என்னுதுதானே?"

எனக்குத் தெரியும். நம்பர் கம்பெனி பேர்லதான் இருக்கும். எல்லா வாடிக்கையாளருக்கும் அப்படித்தான். ஆமாம் இல்லைன்னு ஒரு வார்த்தையில சொல்லியிருக்கலாம். "அது உங்க பிராண்டோட அடையாளம்ணே"ன்னேன். அவரு தலையை ஆட்டினாரு. படிச்ச தங்கச்சி சொல்றாளே, சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டாரு. அந்த லிஃப்ட் கதவை இன்னிக்கும் நான் தலை குனிஞ்சுதான் தாண்டுறேன்.

அப்புறம் ரெண்டு மாசம் அண்ணனும் அண்ணியும் கதவு கதவா ஏறி இறங்கினாங்க. பழைய ஸ்டிக்கர் மேல புதுசை ஒட்டினாங்க. அண்ணிக்கு முட்டிவலி. மூணாவது மாடின்னா பாதியில உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவாங்க. புது ஸ்டிக்கர்ல நான் எழுதின வரி இருந்துச்சு: 'பத்தே நிமிடத்தில் கதவு திறக்கும்'.

"சில பூட்டுக்கு முக்கால் மணி ஆகுமே பாப்பா. பூட்டும் மனசு வைக்கணும்ல"ன்னாரு அண்ணன்.

"அதெல்லாம் யாரும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டாங்கண்ணே"ன்னேன். அவ்வளவு வாய் எனக்கு.

ஆறு மாசமும் கால் எண்ணிக்கை வரைபடத்துல ஏறிச்சு. புனல் அதை ஒரு மாநாட்டுல காட்டிக் கைதட்டல் வாங்கினாரு. எனக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை பரிசா கொடுத்தாங்க. ஏழாவது மாசம் முதல் செவ்வாய்க்கிழமை அண்ணன் கூப்பிட்டாரு. "பாப்பா, போன்ல ஏதாவது கோளாறா? காலையில இருந்து ஒரு கால் கூட வரல."

புனல் அறைக்கு ஓடினேன். அந்த நம்பர் இப்ப நாப்பது வண்டி வெச்சிருக்கிற ஒரு பூட்டுக் கம்பெனிக்குப் போயிடுச்சாம். நிறைய கால் வர்ற சூடான நம்பராம், அவங்க கேட்டாங்களாம், கொடுத்தாச்சாம்.

"அது எங்க அண்ணன் நாலாயிரம் கதவுல ஒட்டின நம்பர் சார்!"

"இலவச காலம் முடிஞ்சிடுச்சேம்மா. உங்க அண்ணன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல பதினொண்ணாவது பத்தியைப் பாரு. எழுதினதே நீதானே"ன்னாரு, ரொம்பத் தன்மையா. கத்தியிருந்தாலாவது நானும் கத்தியிருப்பேன்.

பார்த்தேன். 'பயணத்தின் நிறைவில் டிஜிட்டல் சொத்துகள் சூழலமைப்பிலேயே தக்கவைக்கப்படும்.' என் வரியேதான். காலம் முடிஞ்சா நம்பர் கம்பெனிக்கேன்னு அர்த்தம்.

"இப்படி எழுதினா யாருக்கு சார் புரியும்?"

அவரு சும்மா சிரிச்சாரு. அந்தச் சிரிப்புல என் ஏழு வருஷ உத்தியோகம் என்னன்னு எனக்கு விளங்கிடுச்சு.

பழைய நம்பரைக் கேட்டுப் போன் கம்பெனிக்கு நடந்தோம். அது வேற யாருக்கோ போயாச்சு. வேலையை விட்டுட்டுப் போயிடலாம்னு உட்கார்ந்து ராஜினாமா எழுதினேன். நாலாவது வரியில 'இந்தப் பயணத்தில்'னு தானா வந்து விழுந்துச்சு. அதைக் கசக்கிப் போட்டுட்டு, அழுதுட்டு, மறுநாள் வேலைக்குப் போனேன். போய் என்ன எழுதினேன்னு கேளுங்க. அந்த நாப்பது வண்டிக் கம்பெனி ஆளுங்க வாடிக்கையாளர்கிட்ட என்ன பேசணும்னு எழுதினேன். முடியாதுன்னு சொல்லியிருந்தா பக்கத்து சீட்டுல இருக்கிறவ எழுதியிருப்பா. இப்படிச் சொல்லித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கிறேன், ஆனா சமாதானம் ஆகல.

அண்ணன் மறுபடியும் கையால வேற நம்பர் எழுதின ஸ்டிக்கரை எடுத்துக்கிட்டுக் கிளம்பினாரு. மூணாவது வீட்டுலயே கதை முடிஞ்சுது. "உங்க ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் கூப்பிட்டோம். எவனோ வந்து பூட்டைத் துளை போட்டுட்டு, புதுப் பூட்டையும் தலையில கட்டிட்டுப் போயிட்டான். நம்பினோமே உன்னை!"ன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினாங்களாம். இதை அண்ணன் எங்கிட்ட சொல்லல. அண்ணிதான் சொன்னாங்க. "அந்த வாசல்லயே ரொம்ப நேரம் நின்னாரும்மா. வாங்க போலாம்னு நான் கையைப் பிடிச்சு இழுத்தேன்"னாங்க. என்னை ஒரு வார்த்தை திட்டல அவங்க. திட்டித் தொலைச்சிருந்தா எனக்குப் பாரம் குறைஞ்சிருக்கும்.

போன சனிக்கிழமை காலையில எதிர்வீட்டு டீச்சரம்மா வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க. செடிக்குத் தண்ணி ஊத்த வெளிய வந்திருக்காங்க, கதவு சாத்திக்கிச்சு. உள்ள அடுப்புல பால்.

"இருங்க டீச்சர், அண்ணனைக் கூப்பிடுறேன்"னேன்.

"ஸ்டிக்கரைப் பார்த்து நானே கூப்பிட்டுட்டேன்மா. பத்து நிமிஷத்துல வர்றாங்களாம். அது உங்க அண்ணன் நம்பர்தானே?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கீழ வண்டி நிக்கிற சத்தம் கேட்டுச்சு. சாம்பல் சீருடை, தொப்பி, கையில டிரில், நெஞ்சுல சிவப்பு விளக்கு எரியுற ஒரு சின்னக் கேமரா. ஒருத்தர் படியேறி வந்தாரு. அண்ணன்.

"எப்போண்ணே இதுல சேர்ந்தீங்க?"ன்னேன். அவரு கண்ணாலேயே கேமராவைக் காட்டினாரு.

"வணக்கம் மேடம்"னாரு, எனக்கும் சேர்த்து.

டீச்சருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "அட, நீங்களேதானா! நான் பயந்தே போயிட்டேன், எவனாவது வந்து ஓட்டை போட்டுடுவானோன்னு. கம்பியை எடுங்க, பால் தீயுது."

"கம்பி இப்ப கொண்டு வர்றதில்லீங்க. பத்து நிமிஷத்துக்குள்ள முடிக்கணும்."

சொல்லிட்டுக் கதவுகிட்ட குனிஞ்சாரு. பழக்கம் விடுமா, காது தானா கதவுல போய் ஒட்டிச்சு. உடனே சுதாரிச்சு நிமிர்ந்துக்கிட்டு டிரில்லை வெச்சாரு. இரும்புத்தூள் மிதியடி மேல பொலபொலன்னு கொட்டுச்சு. டீச்சர் என்னைப் பார்த்தாங்க. நான் என் கால் விரலைப் பார்த்துக்கிட்டு நின்னேன். ஒன்பது நிமிஷத்துல கதவு திறந்துடுச்சு. உள்ள ஒரே கருகல் நாத்தம். டீச்சர் அடுப்பை அணைக்க ஓடிப் போய்ட்டு வந்தாங்க. அவரு புதுப் பூட்டை மாட்டி, சாவியை அவங்க கையில கொடுத்தாரு.

அதுக்கப்புறம் அவரு நேரா நின்னு தொண்டையைக் கனைச்சாரு. கடைசியில ஒரு பேச்சு பேசணும். அது கேமராவுல முழுசாப் பதிவாகணும், ஒரு வார்த்தை விட்டாலும் அன்னிக்குப் புள்ளி குறையும். எழுதினவ, எனக்கா தெரியாது?

"எங்கள் சேவையைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. உங்கள் பாதுகாப்பு..."

நின்னுட்டாரு. மேல வரல. உதட்டை நனைச்சுக்கிட்டு இன்னொரு தடவை "உங்கள் பாதுகாப்பு..."ன்னாரு. நெத்தியெல்லாம் வேர்த்துடுச்சு. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாரு.

"பயணத்தில்"னு எடுத்துக் கொடுத்தேன்.

"பாதுகாப்புப் பயணத்தில் நாங்கள் என்றும் உங்களுடன்"னு முடிச்சாரு. நெஞ்சுல கையை வெச்சு ஒரு பொத்தானை அமுக்கினாரு. சிவப்பு விளக்கு அணைஞ்சதும், "தேங்க்ஸ் பாப்பா"ன்னுட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாச்சுன்னு படி இறங்கிப் போனாரு.