யாங்சுன்னின் வலது முழங்கை

மத்தியானக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த நேரத்தில் யாங்சுன்னின் கையிலிருந்து வெட்டுக்கத்தி நழுவியது. கட்டையின் விளிம்பில் பட்டுத் தெறித்து, அடுப்புப் பக்கம் நின்றிருந்த பொங்ஜாவின் ரப்பர் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

"என் கால வெட்டப் பாத்தியாடி?"

பொங்ஜா போட்ட சத்தத்தில் வாசலோர மேசைக்காரர்கள் வாய்க்குக் கொண்டுபோன பயறு முளையை அப்படியே நிறுத்தினார்கள்.

"கை பிடிப்பு விட்டுப்போச்சுக்கா."

"சோத்துக் கிண்ணத்தத் தூக்கும்போது மட்டும் பிடிப்பு விடறதே இல்லையே! வேலைன்னு வந்தா உடனே நொண்டிக் கை. எத்தன மாசமா இந்த நாடகம்?"

யாங்சுன் குனிந்து கத்தியை இடது கையால் எடுத்தாள். வலது முழங்கையின் வெளிப்பக்கம், எலும்பு புடைத்திருக்கும் இடத்தில், யாரோ ஊசியைக் காய்ச்சிச் சொருகியது மாதிரி இருந்தது.

இருவரும் ஓரகத்திகள். பொங்ஜா மூத்தவனின் மனைவி. அவன் போய்ச் சேர்ந்த பிறகு மாசான் துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த அந்த மீன் சாப்பாட்டுக் கடையைத் தன் தொண்டையின் பலத்திலேயே நடத்திவந்தாள். யாங்சுன் இளையவன் கிச்சோலின் மனைவி. கீழே கடை, நடு மாடியில் பொங்ஜா, மேல் மாடியில் இவர்கள். ஒரே படிக்கட்டு. அந்தச் சந்து முழுக்க அகு மீன் கடைகள்தான். உடம்பில் பாதி வாயாக இருக்கும் அந்த மீனைக் குளிர்காலக் கடற்காற்றில் காயப்போட்டு, ஊறவைத்து, வெட்டி, மிளகாய்ப் பொடியில் புரட்டி, பயறு முளையோடு வேகவைக்க வேண்டும். எவ்வளவு ஊறினாலும் அது செருப்புத் தோல் மாதிரி கத்தியை எதிர்த்து நிற்கும். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்தக் கடையில் மீன் வெட்டியது யாங்சுன்தான். அவள் வெட்டினால் துண்டுகள் ஒரே அளவாக வரும், எலும்பு சிலும்பாது. பொங்ஜாவுக்கும் அது தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம்தான் அவளிடம் இல்லை.

வலி வந்தது போன வருஷம். முதலில் துணி பிழியும்போது, பிறகு கதவுக் குமிழைத் திருப்பும்போது, கடைசியில் கெட்டிலைத் தூக்கும்போதுகூட. பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். முதல் ஊசிக்கு ரெண்டு மாசம் சொர்க்கமாக இருந்தது. அடுத்ததற்கு மூன்று வாரம். அதற்கடுத்தது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

கத்தி விழுந்ததற்கு மறுநாள், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், அவள் பஸ் பிடித்து ஊரின் மறுகோடியில் இருந்த எலும்பு மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் யோம் சிரிக்காத மனுஷி. ஸ்கேன் கருவியை முழங்கையில் வைத்து அழுத்தி, திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"இந்தக் கறுப்பு தெரியுதா? தசை எலும்போட ஒட்டற நார் இங்க பாதி கிழிஞ்சிருக்கு. இதுக்கு மேல அந்தப் பழைய ஊசியைப் போட்டுக்கிட்டே போனீங்கன்னா மீதியும் நைஞ்சுபோகும்."

"அப்ப கிழிசல் தானா ஒட்டாதா டாக்டர்?"

"ஒட்டணும்னா ரத்தம் வரணும். இந்த நாருக்கு ரத்த ஓட்டம் ரொம்பக் கம்மி. நீங்களும் தினம் கத்தி எடுத்து, ஒட்ட வர்றதையெல்லாம் மறுபடி பிரிச்சு விடறீங்க." டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து மேசைமேல் வைத்தாள். "உங்க ரத்தத்தையே எடுத்து, மெஷின்ல சுத்த விடுவோம். சிவப்பு கீழ தங்கிடும். ரத்தத்த உறைய வைக்கற தட்டணுக்கள் இருக்கே, அது மேல தெளிஞ்ச மஞ்சத் தண்ணியில நெறஞ்சு நிக்கும். எங்க காயம் பட்டாலும் மொதல்ல ஓடி வந்து, ரிப்பேர் பண்ற ஆளுங்களக் கூப்பிடறது அதுதான். அத மட்டும் எடுத்து நேரா கிழிசல்ல விடுவோம்."

"போட்டா சரியாயிடுமா?"

"நெறைய பேருக்கு ஆகுது. எல்லாருக்கும் ஆகும்னு சொல்ல மாட்டேன். மொதல்ல வலி கூடும். அதுக்குப் பயந்து வீக்கத்துக்கான மாத்திரை எதையும் தொடாதீங்க. அந்த வீக்கம்தான் வேலை செய்யுது, அத அமுக்கினா போட்டது வீண். ஆறு வாரம் வெட்டற வேலை கூடாது. சொல்ற பயிற்சிய ஒழுங்கா செய்யணும். முடியுமா?"

யாங்சுன் பொங்ஜாவின் முகத்தை நினைத்துக்கொண்டாள். "முடியும்" என்றாள்.

விஷயம் கேட்டு பொங்ஜா வாய்விட்டுச் சிரித்தாள். பாத்திரம் கழுவுகிறவர்கள் முன்னால்தான் சிரித்தாள், வேண்டுமென்றே.

"உன் ரத்தத்த உருவி உனக்கே குத்துவாங்களாமா? நல்லா ஏமாந்தடி. இதுக்கு எதுக்கு டாக்டரு? கொசுவே பண்ணுமே! போறதுதான் போற, நல்ல ரத்தமா வேற யார்கிட்டயாவது வாங்கிட்டுப் போ. உன் ரத்தம் பூராவும் விஷமாச்சே."

"விஷம்னா உங்களுக்கே ஒரு ஊசி போடச் சொல்றேன்க்கா."

கழுவுகிற பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள். பொங்ஜாவின் காது சிவந்தது.

ஊசி போட்ட அன்று சாயங்காலமே கை நெருப்பாக எரிய ஆரம்பித்தது. டாக்டர் சொல்லியிருந்ததுதான். ஆனால் சொல்லிக் கேட்பது வேறு, அனுபவிப்பது வேறு. சட்டைக்குள் கையை விட முடியவில்லை. கிச்சோல்தான் தலை பின்னிவிட்டான், கண்றாவியாக. மீன் சந்தைக்கு வண்டி ஓட்டுகிற முரட்டு ஆள், அண்ணியின் குரல் படிக்கட்டில் கேட்டால் மட்டும் தோளைக் குறுக்கிக்கொள்வான்.

பத்து நாள் ஆகியிருக்கும். கோயில் யாத்திரைக்குப் போய்த் திரும்புகிற ஒரு கூட்டம் பஸ்ஸோடு கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தது. கிச்சோல் மேலே வந்து கதவோரமே நின்றான்.

"ஒரே ஒரு மணி நேரம் வந்து வெட்டிக் குடுத்துட்டு வந்துடேன். அண்ணி ஒத்தையா வெட்டிட்டிருக்காங்க."

"நீங்க வெட்டுங்க."

"எனக்கு வருமா?"

"எனக்கு மட்டும் பிறக்கும்போதே வந்துதா?"

அவன் தயங்கி நிற்கும்போதே பொங்ஜா படியேறி வந்துவிட்டாள். ஏப்ரனெல்லாம் மீன் துணுக்கு. கையிலிருந்த மாத்திரை அட்டையை யாங்சுன்னின் மடியில் வீசினாள்.

"ரெண்டு முழுங்கு. சாயங்காலம் வரைக்கும் தாங்கும். என் முட்டிக்கு நான் தினம் இதத்தான் முழுங்கறேன். நான் ஒரு நாளாவது படுத்தேனா?"

"டாக்டர் சாப்பிடக் கூடாதுன்னிருக்காங்க. இத முழுங்கிட்டு வெட்டினா ஊசியும் போச்சு, கையும் போச்சு."

"கை போச்சு, கை போச்சு! கடை போச்சுன்னா எங்கடி போவ? இந்த வீட்டுக்கு வந்த நாளா நீ தின்ன சோறு யாரு போட்டது?"

"நான் வெட்டின மீன் போட்டது."

பொங்ஜா மூச்சை இழுத்து விட்டாள். "சரி. இனிமே கீழ வராத. கை நல்லானாலும் வராத. நடிக்கறவளுக்கு என் கடையில இடமில்ல." அவள் இறங்கிப்போகிற சத்தம் கட்டடமே அதிரக் கேட்டது. கிச்சோல் மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அண்ணி பின்னாலேயே போனான். அன்று முழுக்க அவன்தான் மீன் வெட்டியிருக்கிறான். துண்டுகள் செங்கல் மாதிரி இருந்தன என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

யாங்சுன் அழவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலுக்கு நடுவில் ஒரு பயமும் இருந்தது. பொங்ஜா சொன்னது உண்மையாக இருந்தால்? தன் ரத்தத்தைத் தனக்கே ஏற்றிக்கொண்டு, வலியையும் ஏற்றிக்கொண்டு, பிழைப்பையும் விட்டு உட்கார்ந்திருக்கிற முட்டாளா தான்? மூன்றாவது வாரம்வரை முன்னேற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. டாக்டர் சொன்ன பயிற்சிக்குச் சோயா சாஸ் பாட்டிலைக் கையில் பிடித்து, மணிக்கட்டை மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறக்க வேண்டும், இடது கையால் தாங்கி மேலே கொண்டுவர வேண்டும். காலையும் மாலையும் இதே. ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் மனசுக்குள் பொங்ஜாவை ஒரு வார்த்தை திட்டினாள். அதனால்தானோ என்னவோ ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

ஒரு காலையில் கெட்டிலைத் தூக்கித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கீழே வைத்த பிறகுதான், வலது கையால் தூக்கியிருக்கிறோம் என்பதே உறைத்தது. மறுபடி தூக்கிப் பார்த்தாள். லேசாக இழுத்தது, அவ்வளவுதான். ஊசி போட்டு மூன்று மாசம் கழித்து டாக்டர் யோம் ஸ்கேனில் பார்த்தபோது கறுப்பு இருந்த இடம் பெரும்பாலும் சாம்பல் நிறமாகியிருந்தது. "நார் மூடிட்டு வருது. வெட்டலாம். ஆனா கத்தியக் கழுத்த நெரிக்கற மாதிரி பிடிக்காதீங்க, தோளையும் சேத்து இறக்குங்க" என்றாள்.

எதிர்சாரியில் குவாக் என்பவரின் கடை. பொங்ஜாவுக்கும் அவருக்கும் விளக்குப் பலகை எரிவதிலிருந்து குப்பைத்தொட்டி வைப்பதுவரை எல்லாவற்றிலும் தகராறு. யாங்சுன் நேராக அங்கே போய் வேலை கேட்டாள். குவாக் வாயெல்லாம் பல்லானார்.

"மீனு வெட்டறதுக்கு மட்டும்தானம்மா வர்ற? இல்ல பொங்ஜாவோட வயித்தெரிச்சலக் கொட்டிக்கறதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்" என்றாள்.

கட்டையை ஜன்னலோரம் போடச் சொன்னாள். அங்கிருந்து வெட்டினால் எதிர்க் கடை அடுப்படி நேராகத் தெரியும். அடுப்படியிலிருந்தும் இவள் தெரிவாள். அங்கே பொங்ஜாவே வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்ட வேலைக்கு வந்த ஆட்கள் யாரும் அவள் வாய்க்கு ஒரு வாரத்துக்குமேல் நிற்கவில்லை. நாளாக ஆக பொங்ஜா கத்தியைத் தோளுக்குமேல் தூக்குவது குறைந்தது. முகத்தை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வெட்டினாள். யாங்சுன் அதைக் கவனித்தாள். கவனித்ததில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடைசிப் பரிசோதனைக்குப் போன அன்று மருத்துவமனை நாற்காலியில் பொங்ஜா உட்கார்ந்திருந்தாள். வலது கையை மடியில், ஏதோ அடுத்தவர் பொருள் மாதிரி வைத்திருந்தாள்.

"என்னை வேவு பாக்கவா வந்த?"

"நான்தான் இங்க மொதல்ல வந்தவ. கொசுகிட்ட போகலியா நீங்க?"

பொங்ஜா வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே அவளைக் கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை, பொங்ஜாவின் குரலுக்குக் கதவும் ஒரு பொருட்டில்லை.

"இவளுக்குப் போட்டீங்களே, அந்த ஊசியவே எனக்கும் போடுங்க!"

"அவங்களுக்குப் பாதிக் கிழிசல். உங்களுக்குத் தோள்ல நார் முழுசா அறுந்து, முனை உள்ள இழுத்துக்கிட்டிருக்கு. அறுந்த ரெண்டு முனைக்கும் நடுவுல இவ்வளவு இடைவெளி இருந்தா, ஊசி போட்டு ஒட்டாது. ஆபரேஷன் பண்ணித் தைக்கணும். எத்தன நாளா வலி?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா என்ன பண்ணீங்க?"

"மாத்திரை முழுங்கினேன்."

யாங்சுன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ரெண்டு வருஷம் என்றால், தன் முழங்கை வலிக்க ஆரம்பித்ததற்கும் முன்னாலேயே. தன்னை நடிக்கிறாள் என்று கத்தியபோதெல்லாம் அவள் தோளும் வலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பாவம் என்று தோன்றும் என எதிர்பார்த்தாள். தோன்றவில்லை. இன்னும் அதிகமாகக் கோபம்தான் வந்தது. வலி என்றால் என்னவென்று தெரியாமல் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருக்கலாம்.

ஆபரேஷன் முடிந்து பொங்ஜா தொங்குகட்டோடு வீட்டுக்கு வந்தாள். கடை ஷட்டர் இறங்கியது. கிச்சோல் சாப்பாட்டு மேசையில் தொண்டையைச் செருமினான்.

"கட்டு அவிழ்க்கற வரைக்குமாவது கடையப் பாத்துக்கோயேன். குடும்பச் சொத்துல்ல."

"பாத்துக்கறேன். நான் நடிக்கலன்னு அந்தப் பாத்திரம் கழுவற பொண்ணுங்க முன்னால அவங்க வாயால சொல்லட்டும்."

அவன் நடு மாடிக்கு இறங்கிப்போய்த் திரும்பி வந்தான். "செத்தாலும் சொல்ல மாட்டாங்களாம்."

"அப்ப ஷட்டர் அப்படியே கிடக்கட்டும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க அது அப்படியேதான் கிடந்தது. செர்ரி மரங்கள் மொட்டுவிட்ட சமயம், கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானம், பொங்ஜா குவாக் கடைக்குள் நுழைந்தாள். அவள் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து ஒரு சின்னத் தட்டு மீன் கேட்டாள். வந்ததும் இடது கையால் தடுமாறித் தடுமாறித் தின்றாள். ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மசாலா கேவலம்" என்றாள் குவாக்கைப் பார்த்து. பிறகு கட்டைப் பக்கம் திரும்பி, கடை முழுக்கக் கேட்கும்படி, "நீ நடிக்கலடி. போதுமா?"

யாங்சுன் கத்தியைக் கட்டைமேல் வைத்தாள். எத்தனையோ நாள் இதற்காகக் காத்திருந்தாள். கேட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ இளகும் என்று நினைத்திருந்தாள்.

"போதும்."

"அப்ப நாளைக்கு வந்து ஷட்டரத் தூக்கு."

"வரமாட்டேன்க்கா."

"சொல்லியாச்சேடி! நீ கேட்டதுதான!"

"அப்ப கேட்டேன். அப்ப சொல்லியிருந்தா வந்திருப்பேன். இப்ப இங்க யாரும் என்னைப் பாத்துக் கத்தறதில்ல."

குவாக் உள்ளே போய்விட்டார். பொங்ஜா எழுந்து, நாற்காலியில் கிடந்த கோட்டை ஒற்றைக் கையால் மாட்டப் பார்த்தாள். ஒரு தோளில் ஏறியது, மறு தோளில் நழுவியது. யாங்சுன் கட்டையைச் சுற்றிக்கொண்டு வந்து கோட்டைப் பிடித்தாள்.

"தொடாதடி."

யாங்சுன் கையை எடுத்துவிட்டாள். பொங்ஜா பாதிக் கோட்டோடு, கோட்டின் ஒரு கை தரையில் இழுபட, எதிர்ப்பக்கம் போனாள்.

அடுத்த மாசம் எதிர்க் கடை திறந்துவிட்டது. தொழிற்சாலையிலிருந்து வெட்டி உறையவைத்த மீன் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. கிச்சோலே இறக்கினான். அங்கே யாருக்கும் இனிக் கத்தி தேவைப்படவில்லை. ருசி முன்ன மாதிரி இல்லை என்று ஒன்றிரண்டு பழைய வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் கூட்டம் குறையவில்லை. மத்தியானத்தில் வாசல்வரை வரிசை நின்றது. யாங்சுன் வலியில்லாத கையால் வெட்டிக்கொண்டே அந்த வரிசையைப் பார்த்தாள். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.